பொங்கல் மேடைக்கு எந்த மெட்டு? செஞ்சியை முன்வைத்துச் சில குறிப்புகள்

செஞ்சி சுற்றுவட்டாரத்தில் பொங்கல் விழா நடக்கிற ஊர்களில் ஒலிபெருக்கி பெரும்பாலும் இரண்டு வகைப் பாட்டைத்தான் பாடுகிறது. ஒன்று சினிமா. 1994 பொங்கலுக்கு வந்த 'மகாநதி'யில் இளையராஜா போட்ட பொங்கல் பாட்டு முப்பது வருஷம் தாண்டியும் ஓயவில்லை. இன்னொன்று 'கிராமிய மணம்' என்று விற்கிற தொகுப்பு. அதில் மதுரை, தஞ்சாவூர்ப் பக்கத்து நையாண்டி மேளமும் கரகாட்ட மெட்டும்தான் அதிகம். இரண்டுமே நல்ல இசைதான். ஆனால் "இது நம்ம பாரம்பரியம்"னு மைக்கில் அறிவித்துவிட்டு இதைப் போடும்போது ஒரு கேள்வி வருகிறது. எந்த ஊர்ப் பாரம்பரியம்?

'நாட்டுப்புறப் பாட்டு' என்பது கையை விட்டு எதையும் எடுத்துக்கொள்கிற ஒரே கூடை இல்லை. நா. வானமாமலை, கி.வா.ஜ. போன்றவர்களின் தொகுப்புகளைப் புரட்டினாலே தாலாட்டு வேறு, தொழில் பாட்டு வேறு, ஒப்பாரி வேறு என்று தெரிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அச்சில் சொல் கிடைக்கிறது, மெட்டு கிடைப்பதில்லை. விழாக் குழு புத்தகத்திலிருந்து வரியை எடுத்து, கைக்குக் கிடைத்த மெட்டில் ஏற்றிவிடுகிறது.

ஏற்றப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சாலைப் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார். எத்தனை சால் இறைத்தாயிற்று என்ற கணக்கே பாட்டுக்குள் ஓடும். உடம்பும் தண்ணீரின் கனமும் சேர்ந்து தீர்மானித்த வேகம் அது. அதையே மேடையில் கீபோர்டு தாளம் வைத்து இரட்டை வேகத்தில் பாடுகிறார்கள். அந்த வேகத்தில் ஏற்றம் மிதித்தால் ஆள் கிணத்துக்குள்ளதான் கிடப்பார். அதோடு அது இறவைப் பாட்டு, அறுவடைப் பாட்டு அல்ல.

அறுவடைக்கு உரியது களத்துமேடு. கதிரடித்துத் தூற்றிக் குவித்த நெல்லை அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அளக்கிறவர் அந்த எண்ணிக்கையை இழுத்துச் சொல்வதே பாதிப் பாட்டு. 'பொலி' என்று கூவுவது நெல் பெருகட்டும் என்ற வாழ்த்து. இன்றைக்கு அறுவடை மெஷின் வயலிலேயே நெல்லைக் கொட்டிவிடுகிறது. மூட்டை நேராகச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய் எடை போடப்படுகிறது. பாட்டுக்கு இருந்த இடம் போய்விட்டது. பொங்கல் மேடை அதற்கு ஓர் இடம் தரலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பொலி பாடியவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்தவர்கள். அடுத்தவர் குவியல் பெருக வேண்டும் என்று பாடியவர்கள் அவர்கள். அவர்களை மேடையேற்றிச் சன்மானம் கொடுத்துப் பாடச் சொல்லாமல், பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது அதே பழைய கணக்குதான்.

சந்தர்ப்பம் என்பது அடுத்த அளவுகோல். நம்ம பக்கத்தில் பம்பை, உடுக்கை, சிலம்போடு பாடும் வர்ணிப்பு அம்மனை அழைப்பதற்கானது. மேல்மலையனூர் அங்காளம்மனை வைத்துக்கொண்டு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கு ஓட்டத்துக்கு நடுவில் வர்ணிப்பைப் போட்டு யாருக்காவது சாமி வந்துவிட்டால் விழாக் குழு என்ன செய்யும்? பறையிலும் கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. வெளியாள் காதுக்கு எல்லாம் 'செம பீட்டு'தான். அடிக்கிறவருக்குத் தெரியும், அவரைக் கேட்கலாமே. சாவுக்குப் பறையடிக்கும் சாதிக் கட்டாயத்தை மறுத்தவர்கள் பலர். அவர்களைக் கலைஞர்களாக அழைப்பதும் 'ஊர் வழக்கம்' என்று வரச் சொல்வதும் ஒன்றல்ல.

செஞ்சிக்கென்றே இருப்பது இரண்டு. ஒன்று தெருக்கூத்து. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் பெரிய நூலே எழுதினார். முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்த அந்த ஒலி இந்த மண்ணுக்கு உரியது. பொங்கலுக்கு அபிமன்யு வதை வேண்டாம். கட்டியங்காரன் வருகைப் பாட்டு போதும், கூட்டம் தானாகச் சிரிக்கும். இன்னொன்று தேசிங்குராஜன் கதைப்பாடல். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்தவன் கதை, சாவில்தான் முடிகிறது. ஆனால் யாரும் அடக்க முடியாத குதிரையை இளைஞன் தேசிங்கு அடக்குகிற பகுதி மாட்டுப் பொங்கலுக்கு அப்படியே பொருந்தும்.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பதினொன்றோடு சேர்த்துச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் உள்ள ஒரே கோட்டை இதுதான். இனி கோட்டையடியில் விழாக்கள் கூடும், வெளியூர்க் கேமராக்களும் வரும். அங்கே எது ஒலிக்கிறதோ அதுதான் 'செஞ்சி இசை' என்று பதிவாகப் போகிறது.

ஆகவே விழாக் குழுக்களுக்கு என் யோசனை சுருக்கமானது. எந்த மெட்டாக இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்கள். எந்த வேலைக்கு அல்லது எந்தச் சடங்குக்குப் பிறந்தது? எந்தப் பக்கத்தது? பாடத் தெரிந்தவர் யார், அவருக்கு என்ன கொடுக்கப் போகிறோம்? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மேடையில் போடுங்கள். கிடைக்காவிட்டால் இளையராஜாவையே போடலாம். அது சினிமாப் பாட்டு என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு.