இறந்தவர் குரலும் பதிப்புரிமைச் சட்டமும்

2024 ஜனவரியில் 'திமிரி எழுடா' பாட்டைக் கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். அதில் குரல் ஒலித்த பாடகர்களில் பம்பா பாக்யா 2022இல் மறைந்தவர்; ஷாகுல் ஹமீது 1997இலேயே போய்விட்டார். 'லால் சலாம்' படத்துக்காக அவர்கள் குரலைச் செயற்கை நுண்ணறிவின் வழியாக ஏ.ஆர். ரஹ்மான் கொண்டுவந்திருந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே ஆண்டு 'தி கோட்' படத்தில் யுவன் சங்கர் ராஜா தன் அக்கா பவதாரிணியின் குரலை அவர் மறைவுக்குப் பின் ஒலிக்கவைத்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஷயமோ வேறு. 'கீடா கோலா' என்ற தெலுங்குப் படத்தில் அனுமதியில்லாமல் அவர் குரலை உருவாக்கிவிட்டார்கள் என்று குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது.

அனுமதி கேட்பதும் கேட்காததும் இசையமைப்பாளரின் மனசாட்சியைப் பொறுத்ததாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் பாடிய பாட்டுக்கு நிகழ்த்துநர் உரிமையாக 50 ஆண்டுகள் காவல் தருகிறது. அவர் பாடாத பாட்டை அவர் குரலில் பாடவைத்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் நேரான விடை இல்லை. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை எந்திரத்தால் போலியாக உருவாக்க 2024 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆளுமை உரிமைதான் அதற்கு முக்கிய அடிப்படை. அவர் உயிரோடு இருப்பவர். ஜெயலலிதா பற்றிய 'தலைவி' பட வழக்கிலோ, இறந்தவரின் அந்தரங்க உரிமை வாரிசுக்குப் போகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொல்லிவிட்டது.

காரைக்காலில் உள்ள கிளிஞ்சல்மேடு என்ற ஊருக்கும் அதே உயர் நீதிமன்றம்தான். அந்த மீனவக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் கடல்பாட்டுப் பாடிக் கைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் காலத்துக்குப் பின் அந்தக் குரலை யாரோ எடுத்து விளம்பரத்துக்குப் பாடவைத்தால், பேரப்பிள்ளைகள் எந்தப் பிரிவைச் சொல்லி வழக்குப் போடுவார்கள்? புகழ்பெற்ற குடும்பத்துக்காவது வக்கீல் உண்டு.

சினிமா இயக்குநர்களின் நிலையும் பரிதாபம்தான். தனுஷ் நடித்த 'அம்பிகாபதி'யை 2025 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவால் முடிவை மாற்றி, நாயகன் பிழைத்துக்கொள்வதாக மறுபடி வெளியிட்டது ஈராஸ் நிறுவனம். இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் கொதித்துப்போனார்கள். ஆனால் நம் சட்டத்தின்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்! காட்சி காட்சியாகப் படத்தைச் செதுக்கிய இயக்குநருக்கு அந்தப் பெயர் இல்லை.

எந்திரமே ஆசிரியர் ஆகுமா என்ற கேள்விக்குத்தான் சட்ட அறிஞர்கள் அதிக மை செலவழிக்கிறார்கள். கணினி உண்டாக்கும் படைப்புக்கு அதை உண்டாக்கச் செய்தவரே ஆசிரியர் என்று 1994 திருத்தம் சொல்கிறது. 'ராகவ்' என்ற மென்பொருளை இணை ஆசிரியராக ஏற்று 2020இல் ஓர் ஓவியத்தைப் பதிவுசெய்த நம் பதிப்புரிமை அலுவலகம், மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற நோட்டீஸ் அனுப்பியது. ஆசிரியர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதே என் எண்ணம்.

முடியாதது, எந்திரத்துக்குத் தீனியாகப் படைப்புகளைப் போடும் பிரச்சினை. தன் செய்திகளை எடுத்து எந்திரத்தைப் பழக்கியதாக ஓப்பன்ஏஐ மீது ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் போனது. 2025 டிசம்பரில் மத்திய அரசின் குழு ஒரு யோசனை வைத்தது: செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் சட்டப்படி அணுகக் கிடைத்த எதையும் எடுத்துப் பழக்கலாம், ராயல்டி மட்டும் கட்ட வேண்டும். பணம் வருவது நல்லதுதான். ஆனால் 'என் படைப்பைத் தொடாதே' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமிருந்து போய்விடும். இதை ஏற்க முடியாது.

பாடகர்களும் எழுத்தாளர்களும் இனி போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், என் குரலையும் எழுத்தையும் எந்திரத்துக்குக் கொடுக்க என் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.