சிங்காரத்தின் தோணியில் ஏறுவது எப்படி?

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: பத்துப் பக்கம் படித்தோம், ஓடவில்லை. மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர், செட்டியார் கடை என எல்லாம் ஒன்றாக வந்து மோதுகிறதாம். தமிழின் தலைசிறந்த நாவல்களில் ஒன்றை இப்படி மூடிவைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அடிப்படைத் தகவல் கொஞ்சந்தான். சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். இளவயதிலேயே பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடானுக்குப் போனார். போர் முடிந்து திரும்பியபின் மதுரை 'தினத்தந்தி'யில் வேலை. நாவலை எழுதியது 1962இல், அச்சேறியது 1972இல். கதைக்காலம் இரண்டாம் உலகப்போர். களம், ஜப்பானியர் பிடியிலிருந்த மேடானும் பினாங்கும். நாயகன் பாண்டியன். இது போதும், உள்ளே போகலாம்.

இனித்தான் விஷயம். ஊர் நினைப்பு இரண்டு வகை: ஒன்று ஏக்கம், மற்றது நடமாட்டம். ஏக்கத்தில் ஊர் அழகாகிவிடும். ஆறு, அம்மா கைச்சோறு, கோயில் மணி. கண் கலங்கும், அடுத்த பக்கத்தில் மறந்துபோகும். அயல்மண் கதை என்று வருகிற எத்தனையோ புத்தகங்களுக்கு இந்தக் கண்ணீர்தான் முதல். பாண்டியனோ மனசால் ஊருக்குப் போய் நடக்கிறான். தன் ஊரான சின்னமங்கலத்துச் சந்தையில் எந்தப் பக்கம் என்ன கடை, மதுரையின் இரவுத் தெருக்களில் யார் நடமாடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகிறான். அழுக்கும் கூடவே வருகிறது. மேடானின் மொஸ்கி ஸ்ட்ராட் தெருவையும், அங்குள்ள செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கிகளையும், பணப்பெட்டியடியில் குந்தியிருக்கும் அடுத்தாட்கள் என்ற கடை உதவியாளர்களையும் அதே கண்ணால்தான் பார்க்கிறான். எது சொந்த ஊர், எது வந்த ஊர் என்ற கோடு மங்குகிறது; தான் யார் என்ற கேள்வி அங்கே முளைக்கிறது. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவன், பிறகு இந்தோனேசிய விடுதலைக்காகவும் துப்பாக்கி எடுக்கிறானே, அந்தக் கேள்வி இல்லாமல் இது விளங்காது.

இதைக் கண்டுகொள்ளாமல் 'போர் நாவல்' என்று முத்திரை குத்துவது மேலோட்டமான வாசிப்பு. கட்டுக்கோப்பு இல்லை என்று குறைசொல்லும் விமர்சகர்கள் இன்னும் மோசம். குடித்துவிட்டு நண்பர்கள் பழந்தமிழ்ப் பெருமையைப் போட்டு உடைக்கும் பக்கங்களை வெறும் அரட்டை என்கிறார்கள். கப்பலேறியவன் கூடவே கொண்டுவந்த சொத்து அந்தப் பெருமை. அதைப் பிரித்துப்போட்டு, தேறுமா என்று பார்க்கிறார்கள் அந்த நண்பர்கள்!

ஒரு சங்கதி. மலாய்ச் சொல்லுக்குப் பொருள் தேடி நிற்க வேண்டாம். வட்டிக்கடைக்குப் புதிதாக வந்திறங்கிய பையனுக்கும் முதல் மாதம் ஒன்றும் புரிந்திருக்காது. தொங்கான் என்னும் சரக்குப் படகு புயலில் சிக்கும் இடத்தை மட்டும் வீடு அடங்கியபின் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வாக்கியம் துண்டு துண்டாகத் தெறிக்கும், படிப்பவருக்கே மூச்சு வாங்கும்.

1959இல் வந்த சிங்காரத்தின் இன்னொரு நாவலான 'கடலுக்கு அப்பால்' எளிது, அதில் தொடங்குங்கள் என்பார்கள். கேட்க வேண்டாம். அந்தக் காதல் கதையின் நிறைவோடு பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், தோணிப் பக்கமே வருவதில்லை.