பார்ப்பதற்கென்றே கட்டிய அறை

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரின் உச்சி அறையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள்: அதன் கண்ணாடிகள் நேராக நிற்பதில்லை. மேல்விளிம்பு வெளியே தள்ளியும் கீழ்விளிம்பு உள்ளே ஒடுங்கியும், பூந்தொட்டியின் சுவரைப்போலச் சாய்ந்திருக்கும். பெரும்பாலும் 15 பாகை அளவுக்குச் சாய்வு. இதைத் தோற்றத்துக்காகச் செய்யவில்லை. கண்ணாடி நேராக நின்றால், அறைக்குள் ஒளிரும் திரைகளும் விளக்குகளும் உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களும் அதில் பிரதிபலித்து ஓடுபாதைமேல் மிதக்கும். சாய்த்துவிட்டால், தொடுவானத்தைப் பார்க்கிற கண்ணுக்குக் கண்ணாடியில் தெரிவது மேற்கூரையின் பிம்பம் மட்டுமே. அந்தக் கூரைக்குக் கறுப்போ அடர்சாம்பலோ பூசிவிட்டால் பிம்பமே இல்லாததுபோல் ஆகிவிடும்.

கேமராவோடு ஒரு டவருக்குள் போகிறவர் முதலில் ரசிக்க வேண்டியது இந்தக் கண்ணாடியைத்தான் என்பேன். உலகத்தில் எத்தனையோ அறைகள் இருக்கின்றன. உட்காருவதற்கு, உறங்குவதற்கு, பாடம் கேட்பதற்கு என்று கட்டியவை. பார்ப்பது என்கிற ஒரே காரியத்துக்காக அடிமுதல் முடிவரை யோசித்துக் கட்டிய அறை இது. பார்வையை மறிக்கும் தூண்கள் முடிந்தவரை மெலிந்திருக்கும். மேசைகள் தாழ்ந்திருக்கும். வெயிலுக்கு இறக்கிவிடும் திரைகூட ஊடே பார்க்கக்கூடிய கருநிறப் பிலிம்தான். புகைப்படக் கலைஞர் காலமெல்லாம் போராடுகிற பிரச்சினைகளை, அதாவது பிரதிபலிப்பு, எதிர்வெயில், சட்டத்தை வெட்டும் கம்பம் எல்லாவற்றையும், இந்த அறையைக் கட்டியவர்கள் முன்கூட்டியே யோசித்துத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஒன்றைத் தவிர. கண்ணாடி 15 பாகை சாய்ந்திருப்பதால், அதே 15 பாகை கீழ்நோக்கிப் பார்க்கும்போதுதான் நம் பார்வை அதற்குச் செங்குத்தாக விழும். 80 மீட்டர் உயரத்தில் நின்றால், டவரின் அடியிலிருந்து சுமார் 300 மீட்டர் தூரத்தில் இருக்கும் தரை அந்தக் கோட்டில் வரும். விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் இடம் பல நிலையங்களில் ஏறத்தாழ அங்கேதான். தடித்த கண்ணாடியைக் குறுக்காகத் துளைத்துப் பார்க்கும்போது வரும் மங்கலும் இரட்டை விளிம்பும் இந்தக் கோணத்தில் வராது. படம் கத்திபோல விழும். ஆனால் கண்ணாடி நமக்கு நேர் எதிரே நிற்பதும் அங்கேதான் என்பதால், நம் சொந்த முகமும் வெள்ளைச் சட்டையும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். டவருக்குள் படமெடுத்துப் பழகியவர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது இதனால்தான். லென்ஸின் முனையில் மெத்தென்ற ரப்பர் ஹூட் ஒன்றை மாட்டிக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் மிச்சமும் சரியாகிவிடும். போலரைசர் ஃபில்டரை நம்பிப் போவதில் பயனில்லை. ஒளியில் பாதிக்குமேல் விழுங்கிவிடும். கண்ணாடி சூடேற்றிப் பதப்படுத்திய வகையாக இருந்தால் வானத்தில் வானவில் திட்டுகளையும் கிளப்பிவிடும்.

இத்தனை நுட்பமும் கைவந்த பிறகு என்ன எடுப்பது? போகிறவர்கள் பெரும்பாலோர் எடுப்பது விமானத்தை. எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தரையிறங்கும் விமானத்தின் நல்ல படத்தை வேலிக்கு வெளியே நின்று எடுக்கலாம், இன்னும் நன்றாகவே எடுக்கலாம். பிற்பகல் வெயிலில் கான்கிரீட் ஓடுபாதையிலிருந்து கிளம்பும் கானல், இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விமானத்தை நெளியவைத்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த டெலி லென்ஸாலும் அதை நிமிர்த்த முடியாது. டவர் மட்டுமே கொடுக்கக்கூடிய படம் வேறு. பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கும் படம் அது.

கன்ட்ரோலரின் கை அருகே ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்தில் காகிதப் பட்டைகள் பிளாஸ்டிக் தாங்கிகளில் அடுக்கியிருக்கும். ஸ்ட்ரிப் என்பார்கள். ஒரு விமானத்துக்கு ஒரு பட்டை. அழைப்புப் பெயர், விமானத்தின் வகை, போகும் இடம், நேரம், அனுமதித்த உயரம் எல்லாம் சிறு கட்டங்களுக்குள். விமானம் நகர நகர, பட்டையும் பலகையில் மேலும் கீழும் நகரும். ஓடுபாதைக்குள் நுழைந்ததும் அதற்கென்று ஒதுக்கிய இடத்துக்குப் போகும். புறப்பட்டதும் பக்கத்தில் இருப்பவரிடம் கைமாறும். பல நிலையங்களில் இது மின்திரைக்கு மாறிவிட்டது. காகிதம் இன்னும் இருக்கும் டவருக்குள் போக வாய்த்தால், லென்ஸை அந்தக் கையிடம் கொண்டுபோக வேண்டும். கண் வெளியே ஓடுபாதையில் இருக்கும். வாய் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், பார்க்காமலே, பட்டையை ஓர் அங்குலம் தள்ளும். அந்த ஓர் அங்குலம் வெளியே நூறு டன் உலோகம் நகர்ந்ததற்குக் கணக்கு. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர அகன்ற லென்ஸும் பொறுமையும் போதும்.

கூரையிலிருந்து தொங்கும் இன்னொரு பொருளும் இருக்கிறது. துப்பாக்கிபோலக் குறிபார்த்துப் பிடிக்கும் சிக்னல் விளக்கு. ரேடியோ செத்துப்போன விமானம் வந்தால் இதுதான் பேச்சு. காற்றில் இருக்கும் விமானத்துக்கு நிலைத்த பச்சை காட்டினால் இறங்கலாம். நிலைத்த சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. கணினிகளும் ரேடார் திரைகளும் நிறைந்த அறையில் கண்ணோடு கண் பேசும் இந்தப் பழைய கருவியை இன்னும் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் வேர். லண்டனுக்குத் தெற்கே குரோய்டன் விமான நிலையத்தில் 1920இல் எழுந்த மரக் கட்டடத்தை உலகின் முதல் கட்டுப்பாட்டு டவராகச் சொல்வார்கள். கழிகள்மேல் நின்ற குடிசை அளவுதான். நாலு பக்கமும் சன்னல். அங்கே பணியாற்றிய ஜிம்மி ஜெஃப்ஸ் என்பவர்தான் பிற்பாடு பிரிட்டனின் முதல் எண்ணுள்ள கன்ட்ரோலர் உரிமம் பெற்றவர். 1928இல் வந்த புதிய முனையக் கட்டடமும் அதன் டவரும் இன்னும் நிற்கின்றன. நிலையம் 1959இல் மூடப்பட்ட பிறகு அந்த டவர் அருங்காட்சியகமாகிவிட்டது. ஆகவே யாரும் கேமராவோடு ஏறலாம்.

டவர் என்கிற கட்டடத்தையே கலைப்பொருளாகப் பார்த்தவர்களில் நான் முதலில் வைப்பது கேரலின் ருஸ்ஸோவை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய விமான, விண்வெளி அருங்காட்சியகத்தின் புகைப்படக் கலைஞராக இருந்தவர். நாடு நாடாகப் போய் டவர்களைப் படமெடுத்தார். 'ஆர்ட் ஆஃப் தி ஏர்போர்ட் டவர்' என்ற பெயரில் அது 2015இல் புத்தகமாகவும் கண்காட்சியாகவும் வந்தது. அவருக்கு இந்த எண்ணத்தைக் கொடுத்தது நியூயார்க் லகார்டியா நிலையத்தின் பழைய டவர். வாலஸ் ஹாரிசன் 1960களில் வடிவமைத்தது. அதன் உடம்பெல்லாம் வட்ட வட்டமாகச் சன்னல்கள். ருஸ்ஸோவின் படங்களில் விமானத்தைத் தேடினால் ஏமாந்துபோவோம். வளைவும் விளிம்பும் நிழலும்தான் படம். அன்றாடம் ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் கட்டடத்தை அருகே சென்று, துண்டாக்கி, இதுவரை பார்க்காத ஒன்றாக்கிக் கொடுத்தார். லகார்டியாவின் அந்த டவரை 2011இல் இடித்துவிட்டார்கள்.

அவர் கண்ணால் பார்க்கப் பழகியபின் மற்ற டவர்களும் பேசத் தொடங்கும். பின்னாளில் பாரிஸ் லூவருக்குக் கண்ணாடிப் பிரமிடு கட்டிய ஐ. எம். பெய், 1960களில் அமெரிக்க விமானத் துறைக்காக ஐங்கோண உச்சி அறையோடு ஒரு பொது மாதிரி வரைந்து கொடுத்தார். ஸ்டாக்ஹோம் ஆர்லாண்டா நிலையத்தில் கட்டடக் கலைஞர் கெர்ட் விங்கார்டு 2001இல் முடித்த 83 மீட்டர் டவருக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி அறைகள். ஸ்காண்டிநேவியப் புராணத்தின் ஒடின் கடவுளுக்கு உலகச் சேதி கொண்டுவரும் இரண்டு அண்டங்காக்கைகளை நினைத்து வரைந்தது. வெளியே நின்று எடுக்க இதைவிட நல்ல டவர் எனக்குத் தெரியாது. ஆனாலும் ருஸ்ஸோவின் பாணியில் எனக்கு ஒரு குறை உண்டு. உள்ளே இருக்கும் மனிதர் அதில் இல்லை. அந்தக் கட்டடம் யாருடைய கண்ணுக்காக எழுந்ததோ அந்தக் கண் படத்தில் வரவில்லை. அதை உள்ளிருந்து எடுப்பவர்தான் நிரப்ப வேண்டும்.

உள்ளே எடுப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். பகலில் வெளியே கொட்டும் வெளிச்சத்துக்கு அளந்தால் உள்ளே இருப்பவர்கள் கரித்துண்டாகிவிடுவார்கள். உள்ளே அளந்தால் ஓடுபாதை வெளுத்துப் போகும். சூரியன் மறைந்தபின் கொஞ்ச நேரம், வானத்தின் நீலமும் திரைகளின் ஒளியும் சமமாகும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஓடுபாதை ஓரத்து வெள்ளை விளக்குகளும் டாக்ஸிவே ஓரத்து நீல விளக்குகளும் அப்போது எழும். கன்ட்ரோலரின் முகத்தில் அவர் பார்க்கும் திரையின் நிறமே வெளிச்சமாக இருக்கும்.

முழு இருட்டில் இன்னொரு அழகு கிடைக்கும். இறங்கும் விமானத்தை இருபது, முப்பது விநாடி எக்ஸ்போஷரில் பிடித்தால் இறக்கை நுனி விளக்குகள் கோடாக விழும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதே நுனியில் ஏறத்தாழ விநாடிக்கு ஒருமுறை வெட்டும் வெள்ளை விளக்கு, கோட்டின்மேல் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே போகும். ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் நிற்கும் டவரிலிருந்து எடுத்த படமென்றால், வானத்தில் புள்ளிகள் விலகி விலகி இருப்பதையும், சக்கரம் தரையைத் தொட்டு பிரேக் பிடிக்கப் பிடிக்க அவை நெருங்கி நெருங்கி வருவதையும் பார்க்கலாம். வேகம் குறைவதை அசையாத படத்தில் எண்ணிப் பார்க்க முடிகிறது! நான் பார்த்த இரவுப் படங்களிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் புள்ளிக்கோடுதான். ட்ரைபாட் அங்கே காலை இடறும். சன்னல் திண்டில் அரிசி நிரப்பிய சிறு பையை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி, லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி போர்த்தினால் போதும்.

விருந்தாளி என்ற நினைப்பு மாறக் கூடாது. ஃபிளாஷ் கூடவே கூடாது. ஃபோகஸுக்காக மின்னும் சின்ன விளக்கையும் அணைத்துவிட வேண்டும். இருட்டுக்குப் பழகிய கண்களை கேமராவின் பின்திரைகூடக் கூசவைக்கும். கன்ட்ரோலருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு விநாடியும் நிற்கக் கூடாது. எந்தத் திரை படத்தில் வரலாம், எது வரக் கூடாது என்று பொறுப்பில் இருப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது மரியாதை.

இதையெல்லாம் இப்போது சொல்லக் காரணம், இந்த அறையே போய்க்கொண்டிருக்கிறது. சுவீடனின் ஊர்ன்ஷோல்ட்ஸ்விக் நிலையத்தை 2015 முதல் சுந்த்ஸ்வால் என்ற வேறோர் ஊரில் உட்கார்ந்து, கேமரா அனுப்பும் காட்சியை வைத்து இயக்குகிறார்கள். லண்டன் சிட்டி நிலையத்தில் 50 மீட்டர் கம்பத்தில் 16 கேமராக்கள். 2021 முதல் அதன் கன்ட்ரோலர்கள் ஹாம்ப்ஷயரின் ஸ்வான்விக்கில் திரைகளின் முன்னே அமர்ந்து பார்க்கிறார்கள். மழையிலும் இருட்டிலும் கேமரா மனிதக் கண்ணைவிட நன்றாகப் பார்க்கும், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் சாய்ந்த கண்ணாடி, கறுப்புக் கூரை, தொங்கும் சிக்னல் விளக்கு, காகிதப் பட்டை நகர்த்தும் விரல் ஆகிய இவை நம் கண்முன்னே பழங்கதையாகின்றன. அவற்றின் படங்கள் விமானப் படங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

டவருக்குள் போக அனுமதி கிடைக்கிறவர்கள் வெகு சிலரே. உங்களில் யாருக்காவது கிடைத்தால், கிடைக்கும் நேரத்தில் பாதியையாவது சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று, அறையையும் அதில் இருப்பவர்களையும் எடுங்கள்.