எடுக்கப்படாத படம்: சாகச நிழற்படங்கள் குறித்துச் சில குறிப்புகள்

நான் வேலை செய்யும் பட்டறையின் சாப்பாட்டு அறையில் ஒவ்வொரு வருடமும் ஒரு கலண்டர் தொங்கும். பன்னிரண்டு மாதத்துக்கும் மலைப்படங்கள்தான். செங்குத்துப் பாறையில் விரல்நுனியால் தொங்கும் ஒருவன், பனிச்சரிவில் தூள் பறக்கப் பாயும் ஒருத்தி, கூரிய முகட்டில் தனியே நடக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. பீல் நகரம் பனிப்புகாருக்குள் மூழ்கிக் கிடக்கும் நவம்பர் மாதங்களில் அந்தச் சுவரில் மட்டும்தான் எமக்கு வெயில். உண்மையான வெயிலும் தூரத்தில் இல்லை. கம்பிவடத்தில் இழுபட்டு ஏறும் சிறு ரயிலில் மக்லிங்கனுக்குப் போனால் பல நாட்களில் புகாருக்கு மேலே வந்துவிடலாம். தெளிவான வானமென்றால் அங்கிருந்து அல்ப்ஸ் மலைத்தொடர் முழுவதும் வரிசையாகத் தெரியும். சுவிஸின் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையமும் அங்கேதான் உள்ளது. ஆயினும் வேலைநேர மாற்றங்களுக்கிடையில் நான் அங்கு போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான்.

இதைப்பற்றி எழுதவேண்டி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். "சேர், பெடியன் வங்கியிலை பயிற்சி முடிச்சவன். இப்ப மலையிலை தொங்கிப் படம் எடுக்கப்போறன் எண்டு நிக்கிறான். இதெல்லாம் ஒரு தொழிலோ? நீங்கள் ஒருக்கா சொல்லிப் பாருங்கோ" என்றார். ஊரில் விரிவுரையாளனாக இருந்தவன் என்பதால் இன்னமும் என் சொல்லுக்கு இவ்வகை மதிப்பு உண்டு. இதே விடயத்தை அரசியல் ஈடுபாடுள்ள இன்னொரு நண்பரிடம் சொன்னேன். வசதி படைத்தவர்களின் சலிப்புத் தீர்க்கும் கேளிக்கை இது, அதைப் படம்பிடிப்பது விளம்பர நிறுவனங்களுக்குச் செய்யும் சேவை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இரண்டு தீர்ப்புகளிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் இருவருமே படங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. நான் பார்க்கத் தொடங்கினேன். கடிகாரத்துக்குள் போகும் மிகச் சிறிய உறுப்புகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துத் தேறாதவற்றை ஒதுக்குவதுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தோடுதான் இப்படங்களையும் பார்த்தேன்.

முதலில் தெரிவது படம் எடுக்கப்பட்ட கோணம். பாறை ஏறுபவரைக் கீழிருந்து எடுத்தால் அவரது பின்புறமும் சப்பாத்தின் அடியும்தான் தெரியும். முகமும் கையும் காலுக்குக் கீழுள்ள ஆழமும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டுமெனில் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ எடுக்கவேண்டும். அப்படியானால் எடுப்பவர் அங்கு முன்னதாகவே போய், கயிறு கட்டி, அதில் மணிக்கணக்காகத் தொங்கிக் காத்திருக்க வேண்டும். ஏறும் கருவிகளோடு கமெராவின் பாரத்தையும் அவர் சுமக்கவேண்டும். குளிரில் பற்றரி விரைவாக இறங்கிவிடும் என்பதால் அதை உடம்போடு ஒட்டிய பைக்குள் வைத்துச் சூடு காக்கவேண்டும். சுவிஸின் பெயர்பெற்ற மலைப் படப்பிடிப்பாளரான றொபேர்ட் பொஷ் ஒரு மலை வழிகாட்டியும்கூட என்பது தற்செயல் அல்ல. ஆக, 'மலையோடு தனித்து நிற்கும் மனிதன்' என்ற பிம்பத்துக்குள் எப்போதும் இரண்டாவது மனிதர் ஒருவர் இருக்கிறார். தன்னை மறைத்துக்கொள்வதே அவரது தொழில்.

இந்த மறைப்பு இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1861 இல் பிரெஞ்சுக்காரரான ஒகுஸ்த் பிசோன் மொன்பிளாங் உச்சியில் படம் எடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, அது காயுமுன் படம்பிடித்து, காயுமுன்னரே இருட்டுக் கூடாரத்துக்குள் உருத்துலக்க வேண்டும். தகடுகள், இரசாயனங்கள், கூடாரம் எல்லாவற்றையும் 25 சுமையாளிகள் மேலே கொண்டுபோனார்கள். பனியை உருக்கித்தான் தகடு கழுவத் தண்ணீர் பெற்றார்கள். கிடைத்தவை மூன்று தகடுகள். அவற்றின் கீழ் பிசோனின் பெயர் இருக்கிறது, 25 பேரின் பெயர்கள் இல்லை. இதைச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. மலைமுகட்டில் நிற்பவரின் மணிக்கட்டில் மின்னும் கடிகாரத்தை விளம்பரங்களில் காணும்போது, அதனுள் ஓடும் பற்சக்கரத்தைக் குனிந்து பார்த்த கண்கள் யாருடையவை என்று நானும் யோசிப்பதுண்டு.

சுமந்தவரே படத்துக்குள் வந்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் கொடிகள் கட்டிய பனிக்கோடரியை உயர்த்தி நிற்பவர் டென்சிங். ஒட்சிசன் முகமூடி அவரது முகத்தை மறைத்திருக்கிறது. எடுத்தவர் ஹில்லரி. ஹில்லரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. டென்சிங் அதற்குமுன் படம் எடுத்ததாகத் தனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுக்க அது இடமுமல்ல என்ற கருத்துப்பட ஹில்லரி எழுதினார். தான் எடுப்பதாகச் சைகை காட்டியும் ஹில்லரி தலையசைத்து மறுத்துவிட்டார் என்று டென்சிங் தன் வரலாற்றில் சொன்னார். உலகமே பார்த்த ஒரு படத்தைச் சுற்றிக்கூட இரண்டு சொற்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. படம் எதையும் தீர்த்துவைக்கவில்லை. எனினும் படம் இல்லாத காரணத்தால் ஹில்லரி உச்சிக்குப் போகவில்லை என்று எவரும் வழக்காடவில்லை. அவருக்குச் சாட்சியாக டென்சிங்கின் சொல் இருந்தது.

அறுபது வருடங்களின் பின் நிலைமை வேறு. பேர்ண் மாநிலத்தவரான ஊலி ஸ்ரெக் 2008 பெப்ரவரியில் ஐகரின் வடக்குச் சுவரைத் தனியாக 2 மணி 47 நிமிடத்தில் ஏறினார். ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரமான சுவர் அது. 1936 இல் நான்கு பேர் அதில் இறந்தபோது, ரொனி கூர்ஸ் மீட்கவந்தவர்களுக்குச் சில மீற்றர் தூரத்தில் கயிற்றில் தொங்கியபடி உயிர்விட்டார். அச்சுவரில் ஸ்ரெக் ஓட்டமாக ஏறும் காட்சிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவை சாதனை நாளில் எடுக்கப்பட்டவை அல்ல. பின்னர் கமெராவுக்காக அவர் மறுபடியும் சில பகுதிகளை ஏறியபோது எடுக்கப்பட்டவை. அதை எவரும் குற்றமாகக் கொள்ளவில்லை.

2013 ஒக்ரோபரில் அதே மனிதர் 8,091 மீற்றர் உயரமான அன்னபூர்ணாவின் தெற்குச் சுவரில் தனியே ஏறி, 28 மணித்தியாலத்தில் திரும்பிவந்தார். கூட வந்த படப்பிடிப்பாளர் கீழே இருந்தார். வழியில் சரிந்த பனி தன் கமெராவை அடித்துச் சென்றுவிட்டதாக ஸ்ரெக் சொன்னார். உச்சிப்படம் இல்லை, செய்மதிப் பதிவும் இல்லை. 2014 இல் மலையேற்றத்தின் உயரிய விருதான பனிக்கோடரி விருது இதற்கு வழங்கப்பட்டது. ஆனால் ஐயம் ஓயவில்லை. 2017 ஏப்ரலில் நுப்ட்சேயில் விழுந்து இறக்கும்வரை அது அவரைத் தொடர்ந்தது.

ஐயப்பட்டவர்கள் எல்லோரும் பொறாமைக்காரர்கள் அல்ல. 1990 இல் லோட்சேயின் தெற்குச் சுவரைத் தனியே ஏறியதாகச் சொன்ன தோமோ செசென் காட்டிய படம் வேறொரு மலையேறியுடையது எனத் தெரியவந்தது. பொய் சொல்பவர்கள் உண்டு என்பதையும், அப்பொய்க்குப் படமும் துணைபோகும் என்பதையும் அது காட்டியது. ஸ்ரெக் உச்சிக்குப் போனாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. என்னை உறுத்துவது வேறு. பின்னர் நடித்துக்காட்டிய காட்சியைக் கண்கொட்டாமல் ஏற்றுக்கொள்ளும் ஒரு உலகம், படமில்லாமல் வந்த சொல்லை மட்டும் சந்தேகிக்கிறது. ஆபத்தைப் படமாகப் பார்த்துப் பழகிவிட்டோம். படமாகாத ஆபத்து நடக்கவில்லை என்று எண்ணவும் பழகிவிட்டோம்.

இந்தச் சந்தேகத்தின் முன்னால் நாமும் இருந்திருக்கிறோம். 2010 இல் என் அகதி விண்ணப்ப விசாரணையில், நான் விபரித்த ஒரு சம்பவத்துக்குப் படம் ஏதேனும் உண்டா என்று கேட்கப்பட்டது. அந்த இடத்தில் கமெராவோடு ஒருவர் நின்றிருந்தால் அவரும் திரும்பி வந்திருக்கமாட்டார். இதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. முதலில் வந்த பதில் நிராகரிப்பு. ஸ்ரெக்கின் மலையையும் எமது பாதைகளையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அவர் தேர்ந்துகொண்டு போனார். எம்மில் எவரும் தேர்ந்துகொள்ளவில்லை. அதனால்தான் அவருடையதற்குச் சாகசம் என்று பெயர், எம்முடையதற்குப் பெயரே இல்லை. ஆனால் உயிர் தப்பி வந்தவனிடம் அத்தாட்சி கேட்கும் குரல் இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறது.

அப்படியானால் இப்படங்களை ஒதுக்கிவிடலாமா? இல்லை. இத்தொழிலின் மனச்சாட்சியை நான் கண்டதும் ஒரு படத்தில்தான். 2018 இல் வெளிவந்து மறுவருடம் ஒஸ்கார் பெற்ற 'ஃபிறீ சோலோ' என்ற விவரணப்படம் அது. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹொனோல்ட் கயிறில்லாமல் எல் கப்பிற்றான் பாறையை ஏறியதைப் பதிவு செய்கிறது. படப்பிடிப்பாளர்கள் எல்லோருமே அவரது நண்பர்கள், மலையேறிகள். தமது அசைவு ஒன்று அவரது கவனத்தைக் கலைத்தாலும் அவர் விழுந்துவிடுவார், அவர் விழுவதைத் தாமே படம்பிடிக்க நேரும் என்பதை இயக்குநர்களில் ஒருவரான ஜிம்மி சின் மறைக்கவில்லை. மிகக் கடினமான இடத்தில் ஆள் நிற்காமல், தூரத்திலிருந்து இயக்கும் கமெராக்களை வைத்தார்கள். கீழே பெரிய லென்ஸுடன் நிற்கும் மைக்கி ஷேபர் அந்தக் கட்டத்தில் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கமெரா ஓடுகிறது, மனிதன் பார்க்கவில்லை. முழுப்படத்திலும் எனக்கு நம்பத்தகுந்ததாகப் பட்டது பாறையில் இருந்தவரின் துணிச்சலைவிட, கீழே நின்றவரின் அந்தத் திரும்பிய முகம்தான். மறைந்திருக்கும் இரண்டாவது மனிதர் அங்கு வெளியே வருகிறார்.

ஆகவே இவ்வகைப் படங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கீழே ஒரு குறிப்பு இருக்கட்டும். கயிறு கட்டியவர் யார், சுமந்தவர் யார், இது அன்று எடுத்ததா பின்னர் திரும்ப ஏறி எடுத்ததா என்று சொல்லட்டும். பார்க்கும் எம்மிடம் கேட்பதும் ஒன்றுண்டு. படமில்லாமல் வரும் சொல்லைக் கேட்கும் பொறுமையை இழந்துவிடக் கூடாது.

நண்பரின் மகன் சென்ற ஞாயிறு தன் படங்களோடு வந்தான். பெரும்பாலானவை யூறா மலையின் வெண்பாறைகளில் எடுத்தவை. பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாய்க் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு அருகே பாறையில் ஒரு நிழல். கயிற்றில் தொங்கியபடி கமெரா பிடித்திருக்கும் இவனுடைய நிழல்தான். "அது பிழையா விழுந்திட்டுது மாமா, வெட்டிப்போட்டுத்தான் அனுப்பப்போறன்" என்றான்.

வெட்டவேண்டாம் என்று சொன்னேன். தகப்பனுக்கும் அன்றிரவே ரெலிபோன் எடுத்து, இது தொழில்தான், பாரமான தொழில் என்று சொல்லிவிட்டேன்.