கடைசிப் பாட்டு

ராக் ஆல்பங்களில் முதல் பாட்டு விற்பனைக்கு. கடையில் போட்டுக் காட்டுவதும் ரேடியோக்காரர்கள் பொறுக்கி எடுப்பதும் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று பாட்டுக்களைத்தான். கடைசிப் பாட்டு, காசு கொடுத்து வாங்கி முழுசாக உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு மட்டும். அதனால்தானோ என்னவோ, நல்ல குழுக்கள் தங்கள் அசல் சரக்கை அங்கே ஒளித்து வைத்தார்கள்.

நம் கச்சேரிகளில் இந்தத் தலைவலி இல்லை. கடைசியில் மங்களம். அது எல்லோருக்கும் தெரியும், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடலாம். பழைய தமிழ்ப் படங்களில் 'சுபம்' என்று கார்டு போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ராக் இசைக்கு மங்களமும் கிடையாது, சுபமும் கிடையாது. ஒவ்வொரு ஆல்பமும் தன் முடிவைத் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் யாரும் இதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. பீட்டில்ஸின் முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ'யின் (1963) பெரும்பகுதியை பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவு செய்தார்கள். ஜான் லெனனுக்கு அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கும் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை முதலிலேயே பாடிவிட்டால் மற்றப் பாட்டுக்களுக்குக் குரல் மிஞ்சாது என்று அதைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். ஆல்பத்திலும் அதுதான் கடைசி. மேடைப் பழக்கம். ஜனங்களை ஆட வைத்து அனுப்பினால் சரி.

இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் தப்பாகப் போகலாம் என்பதற்கு 1965-ல் வந்த 'ஹெல்ப்!' ஆல்பத்தின் இங்கிலாந்துப் பதிப்பைப் பாருங்கள். அதில் 'யெஸ்டர்டே' இருக்கிறது. ஒரு கிட்டார், நாலு தந்தி வாத்தியங்கள், பால் மெக்கார்ட்னியின் குரல். அதற்குப் பிறகு மௌனம்தான் பொருத்தம். என்ன செய்தார்கள் தெரியுமா? அதைக் கடைசிக்கு முந்தியதாக வைத்துவிட்டு, 'டிஸ்ஸி மிஸ் லிஸ்ஸி' என்று வேறொருவரின் பழைய குத்தாட்டப் பாட்டைக் கடைசியில் போட்டார்கள். பாயசம் ஆன பிறகு மறுபடி சாம்பார் ஊற்றின மாதிரி.

அடுத்த வருஷமே புத்தி வந்துவிட்டது. 'ரிவால்வர்' (1966) ஆல்பத்துக்காக முதன்முதலில் பதிவு செய்யத் தொடங்கிய பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. ஏறக்குறைய ஒரே ஸ்வரக் கூட்டின் மேல் நிற்கிற பாட்டு, தம்பூரா ரீங்காரம், சுற்றிச் சுற்றி ஓடும் டேப் துண்டுகள். முதலில் செய்ததை ஆல்பத்தில் கடைசியாக வைத்தார்கள். அதற்குப் பின்னால் வேறு எதை வைத்தாலும் எடுபடாது என்பது புரிந்துவிட்டது. கடைசிப் பாட்டு ஒரு தீர்மானமாக ஆனது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இதில் கொஞ்சம் பௌதிகமும் உண்டு. பன்னிரண்டு அங்குல எல்.பி. ரெக்கார்ட் நிமிஷத்துக்கு 33⅓ முறை சுற்றும். வெளி ஓரத்தில் ஒரு சுற்றுக்கு ஊசி கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. உள்ளே, லேபிள் பக்கத்தில், சுமார் 40 சென்டிமீட்டர்தான். நேரம் என்னவோ அதே 1.8 விநாடி. அதாவது அதே அளவு சங்கீதத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். கூர்மையான ஒலிகள் மங்கும், சத்தமான இடங்கள் கரகரக்கும். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் அடக்கமான பாட்டாக வைப்பது உத்தமம் என்பது தொழில் தெரிந்தவர்களின் அறிவுரை.

1967-ல் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தில் பீட்டில்ஸ் அந்த அறிவுரையை மதிக்கவில்லை. அந்த ஆல்பம் ஒரு கற்பனைக் குழுவின் கச்சேரி. ஆரம்பத்தில் அறிமுகப் பாட்டு, கடைசியில் அதே பாட்டு மறுபடி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொல்லி, கைதட்டலோடு முடிகிறது. திரை விழுந்தாச்சு. அந்தக் கைதட்டலுக்குள்ளிருந்து ஒரு கிட்டார் கிளம்புகிறது. 'எ டே இன் த லைஃப்'. பேப்பர் படிக்கிற ஒருத்தன், ஒரு விபத்துச் செய்தி, அதைப் பற்றி எதுவும் தோன்றாத மனசு.

இதற்காக 40 வாத்தியக்காரர்களை வரவழைத்து, வேடிக்கைக்கு ஒட்டு மூக்கும் தொப்பியும் மாட்டிவிட்டார்கள். 24 தாளக் கட்டங்களுக்குள் உங்கள் வாத்தியத்தின் அடி ஸ்வரத்திலிருந்து உச்சிக்குப் போங்கள், பக்கத்து நாற்காலியைப் பின்பற்றாதீர்கள் என்று கட்டளை. வாழ்க்கை முழுக்கச் சேர்ந்து வாசிப்பதையே பயின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அதை நாலு தடவை பதிவு செய்து ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றினார்கள். கடைசியில் பல கைகள் ஒரே நேரத்தில் பியானோக்களில் விழுகிற அந்த ஒற்றை முழக்கம். நாதம் தேயத் தேய, ஒலிப்பதிவாளர் அளவை ஏற்றிக்கொண்டே போகிறார். நாற்பது விநாடிக்கு மேல் நிற்கிறது.

அதோடும் விடவில்லை. நாய்களுக்கு நன்றாகவும் நமக்கு அரைகுறையாகவும் கேட்கும் ஒரு விசில். அப்புறம் ஊசி போய் நிற்கும் கடைசி வளையத்திலேயே கொஞ்சம் உளறல். தானாக நிற்காத ரெக்கார்ட் பிளேயரில், யாராவது எழுந்து போய் ஊசியைத் தூக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும்.

என் கட்சி இதுதான். நல்ல கடைசிப் பாட்டு சுருக்கம் சொல்வதில்லை. முன்னால் வந்ததைத் திருத்துகிறது. இந்தப் பாட்டு இல்லாவிட்டால் 'சார்ஜென்ட் பெப்பர்' அருமையான ஒரு சர்க்கஸ், அவ்வளவுதான். இதைக் கேட்ட பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். அந்தக் கூத்துக்கும் சிரிப்புக்கும் நடுவில் லேசாக ஒரு குளிர் தெரியும்.

1969-ல் 'அபி ரோட்' ஆல்பத்தில் ஒரு அழகான விபத்து நடந்தது. அந்த ஆல்பம் 'த எண்ட்' என்ற பாட்டோடு முடிய வேண்டும். மூன்று பேர் மாற்றி மாற்றி கிட்டார், ரிங்கோவின் டிரம் தனி, முடிவில் அன்பைப் பற்றிக் குறள் மாதிரி ஒரு வாக்கியம். கிட்டத்தட்ட சுபம். சொல்லப்போனால் கொஞ்சம் அளவுக்கு மீறிய சுபம். 'ஹெர் மெஜஸ்டி' என்று 23 விநாடித் துண்டுப் பாட்டு ஒன்று நடுவில் இருந்தது. பிடிக்கவில்லை, எடுத்துப் போடுங்கள் என்றார் மெக்கார்ட்னி. டேப் உதவியாளர் ஜான் கர்லாண்டருக்கோ, பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் தூக்கி எறியக் கூடாது என்று உத்தரவு. வெட்டிய துண்டை டேப்பின் கடைசியில், சில விநாடி வெற்று இடம் விட்டு ஒட்டி வைத்தார். மெக்கார்ட்னி அதைக் கேட்டார், பிடித்துப்போயிற்று, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அதனால்தான் அந்தப் பாட்டு, முன்பு தனக்கு முந்தி இருந்த பாட்டின் கடைசி முழக்கத்தோடு தடாலென்று ஆரம்பிக்கிறது. அதன் சொந்தக் கடைசி ஸ்வரம் காணோம், வெட்டும்போது அங்கேயே தங்கிவிட்டது. மகா கம்பீரமாக விடைபெற்றுக்கொண்டு போனவர், மறந்துவைத்த குடைக்காகத் திரும்பி வந்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கிற மாதிரி. 'த எண்ட்'டின் கனத்தை இதுதான் காப்பாற்றுகிறது என்பேன்.

விபத்தாக இல்லாமல் வேண்டுமென்றே இதைச் செய்தவர்கள் பிங்க் ஃப்ளாய்ட். 'த டார்க் சைடு ஆஃப் த மூன்' (1973) இதயத் துடிப்பில் ஆரம்பித்து இதயத் துடிப்பில் முடிகிறது. கடைசிப் பாட்டான 'எக்லிப்ஸ்', உலகத்தில் நாம் செய்வது, தொடுவது எல்லாவற்றையும் பட்டியல் போட்டு உச்சிக்கு ஏறுகிறது. ரோஜர் வாட்டர்ஸ் அட்டைகளில் கேள்விகள் எழுதி, ஸ்டூடியோவில் அகப்பட்டவர்களையெல்லாம் பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்திருந்தார். மெக்கார்ட்னிகூடப் பேசினார். அது சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டது ஸ்டூடியோவின் வாயில்காப்பாளர் ஜெர்ரி ஓ'டிரிஸ்கால் சொன்னது. நிலாவுக்கு இருண்ட பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது என்கிற அர்த்தத்தில் அவர் ஏதோ சொல்கிறார். ஆல்பத்தின் தலைப்பையே வாசலில் நின்றவர் கடைசி நிமிஷத்தில் ரத்து செய்துவிடுகிறார். பெரிய தத்துவத்துக்குப் பிறகு ஒரு சாதாரண மனிதரின் குரல். எனக்குத் தெரிந்து மிக நாணயமான முடிவு.

அப்புறம் சிடி வந்தது. 74 நிமிஷம் இடம். இடம் இருந்தால் நிரப்பத் தோன்றுமே! பழைய ஆல்பங்களை மறுபதிப்பு செய்தபோது கடைசிப் பாட்டுக்குப் பின்னால் 'போனஸ்' என்று ஒதுக்கி வைத்ததையெல்லாம் ஒட்டினார்கள். நாவல் முடிந்த பக்கத்துக்கு எதிரில் ஆசிரியரின் கிறுக்கல்களை அச்சிடுவது போல.

புதுசாகச் செய்தவர்களில் நிர்வாணா சிடியை நன்றாகப் பயன்படுத்தினார்கள். 'நெவர்மைண்ட்' (1991) கூச்சலுக்குப் பேர்போனது. அதன் கடைசிப் பாட்டு 'சம்திங் இன் த வே'. கர்ட் கோபேன் சோபாவில் படுத்தபடி, காற்றாடியைக்கூட நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டிய அளவு மெதுவாகப் பாடினார். அத்தனை கத்தலுக்கும் அடியில் இருந்தது இந்த முணுமுணுப்புதான் என்று தெரிகிறபோது மனசு கனக்கிறது. அப்புறம் பத்து நிமிஷ நிசப்தம். சிடியை நிறுத்த மறந்தவர்களைத் தூக்கிவாரிப் போட, அட்டையில் குறிப்பிடாத ஒரு ரகளை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமானவை டேவிட் பவியின் இரண்டு முடிவுகள். 1972-ல் 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' ஆல்பத்தை 'ராக் அண்ட் ரோல் சூஸைட்' என்ற பாட்டோடு முடித்தார். மூன்று நிமிஷம்கூட இல்லை. தளர்ந்த ஒற்றைக் கிட்டாரில் தொடங்கி, இருட்டில் உட்கார்ந்திருக்கும் கேட்பவனை நோக்கிக் கையை நீட்டுகிற கதறலாக முடிகிறது. 1973 ஜூலை 3 அன்று லண்டன் ஹேமர்ஸ்மித் ஓடியன் மேடையில் இதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்துவிட்டு இதைப் பாடினார். அந்த ஸிக்கி வேஷத்துக்கு அது சாவு. அப்போது சாவு ஒரு வேஷம்.

2016 ஜனவரி 8, அவருடைய 69-வது பிறந்த நாள். 'பிளாக்ஸ்டார்' வெளியானது. கடைசிப் பாட்டு 'ஐ கான்ட் கிவ் எவ்ரிதிங் அவே'. எல்லாவற்றையும் கொடுத்துவிட முடியாது என்றும் கொள்ளலாம், எல்லா ரகசியத்தையும் சொல்லிவிட முடியாது என்றும் கொள்ளலாம். பின்னணியில் வரும் ஹார்மோனிகா, அவரே 1977-ல் 'லோ' ஆல்பத்தில் வாசித்ததை நினைவுபடுத்துகிறது. ஜனவரி 10 அன்று புற்றுநோயால் இறந்துபோனார். நோயை வெளியே சொல்லவே இல்லை. முதல் இரண்டு நாள் கேட்டவர்களுக்கு அது இனிமையான ஒரு பாட்டு. மூன்றாம் நாள் அதே பாட்டு வேறு பாட்டு. திருத்தம் என்றேனே, இதைவிடப் பெரிய திருத்தம் கிடையாது. இதில் வேஷம் இல்லை, கதறலும் இல்லை.

2021-ல் பாடகி அடெல், ஆல்பத்தைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பொத்தானை முதன்மையாக வைக்காதீர்கள் என்று ஸ்பாட்டிஃபையிடம் கேட்டு, அவர்களும் இணங்கினார்கள். ஆனால் ஆல்பம் முடிந்ததும் அதே ரகத்தில் இன்னொன்றைத் தானாகவே ஓடவிடும் வசதி ஒன்று இருக்கிறது. பியானோவின் நாற்பது விநாடி தேய்ந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது தயார். முடிவு என்பது பிடிக்காத இயந்திரம் அது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே சொன்னதில் ஏதாவது ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். அதற்கு முன் செட்டிங்ஸில் போய் அந்த ஆட்டோ ப்ளேயை அணைத்துவிடுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள்.

அந்த மௌனமும் ஆல்பத்தில் சேர்ந்ததுதான்.