வீரகதையின் நடையும் முடிவும்

அனைவரும் அறிந்த வீரகதையை மீண்டும் சொல்லப் புகுவோன் தன் திறத்தைக் காட்டுதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கதையின் நடை: எதனை முந்திச் சொல்வது, எங்கே தங்குவது என்பது. மற்றொன்று முடிவு: கதையை எவ்விடத்தில் நிறுத்துவது என்பது. இவ்விரண்டையும் ஆராயச் சிங்கப்பூரிலேயே சிறந்த சான்று ஒன்று இருக்கின்றது.

சைனாடவுனில், சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள மாரியம்மன் கோயில் 1827-இல் நாராயண பிள்ளையால் நிறுவப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டரை மாதம் பாரதக் கதை விழாவாக நடைபெறுகின்றது. கொடியேற்றம், திரௌபதி திருமணம், அரவான் களப்பலி, அர்ச்சுனன் தவம், படுகளம் முதலியன நிகழ, தீபாவளிக்கு முன் தீமிதியில் விழா உச்சம் அடைகின்றது.

முதலில் நடையைக் காண்போம். வியாசர் பாரதத்தில் அரவான் எட்டாம் நாட் போரில் மாள்கின்றான். மாண்ட பல்லாயிரவருள் ஒருவனாக மறைகின்றான். தமிழ் மரபோ, பெருந்தேவனாரின் பாரத வெண்பாக் காலந்தொட்டே, அவனைப் போருக்கு முன் களப்பலியாக்கிற்று. நிகழ்ச்சி முந்தவே பொருளும் மாறிற்று. பாண்டவர் பெறப்போகும் வெற்றிக்கு அவர்தம் மகனே முதல் விலை என்பது கேட்போர் நெஞ்சில் பதிகின்றது. பின்னர் வரும் வெற்றி எதுவும் கறையற்றதாகத் தோன்றுவதில்லை.

இதே உத்தி இக்காலத்து அசையும் சித்திரத் தொடர் ஒன்றிலும் காணப்படுகின்றது. ராபர்ட் கிர்க்மன் எழுதிய ‘இன்வின்சிபில்’ என்னும் சித்திரக்கதை 2003 முதல் 2018 வரை 144 இதழ்களாக வெளிவந்தது. உலகைக் காக்கும் வீரர் குழுவை, கதைத்தலைவனின் தந்தை ஆம்னிமேன் கொல்வது அங்கே ஏழாம் இதழில். 2021-இல் வந்த தொடர், அக்கொலையை முதற்பகுதியின் இறுதிக்கே கொண்டுவந்தது. மகன் அறியாததைக் காண்போர் அறிந்துவிடுவதால், அவ்விருவரும் கூடியிருக்கும் எளிய காட்சியும் அச்சந் தருகின்றது. எட்டாம் பகுதியில் மகனை அடித்து வீழ்த்திய தந்தை, அவனைக் கொல்லமாட்டாமல் கண்ணீரோடு உலகை நீங்குகின்றான். அங்கே வெற்றி ஆரவாரம் இல்லை. இத்தந்தை யார் என்று முதலில் எழுந்த வினாவிற்கே முடிவு விடை கூறுகின்றது.

பாரதத்தின் முடிவும் இவ்வாறே தேர்ந்து கொள்ளப்பட்டதாகும். வியாசர் பதினெட்டுப் பருவங்களில் பாண்டவரைச் சுவர்க்கம் வரை செலுத்தினார். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களில் போர் முடிவோடு நிறுத்தினார். திரௌபதி வழிபாட்டு மரபு வேறோர் இடத்தைப் பற்றிக்கொண்டது. விரித்த கூந்தலோடு அவள் உரைத்த வஞ்சினமே அம்மரபில் கதையின் வித்து. படுகளத்தில் கூந்தல் முடிக்கப்படுகின்றது, அதன்பின் தீ. அரசு யாருக்கு என்பதினும், அவையில் இழிவுற்றவளுக்கு நீதி என்ன என்பதையே மக்கள் பெரிதாகக் கொண்டனர். ஆதலின் தருமன் முடிசூட்டு அம்மரபில் உச்சமாகவில்லை.

இடைவெளியையும் நோக்குதல் வேண்டும். மேற்கூறிய தொடரின் இரண்டாம் தொகுதி 2023 நவம்பரில் நான்கு பகுதிகளோடு நின்றது. எஞ்சியவை 2024 மார்ச்சில்தான் தொடங்கின. அவ்விடைவெளியில் காண்போருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கதை தளர்ந்தது. கோயில் விழாவிலும் நிகழ்ச்சிகளுக்கிடையே பல நாட்கள் கழிகின்றன. ஆனால் அந்நாட்களில் அடியார் விரதம் காக்கின்றனர். கதை நின்றாலும் அவர் உள்ளத்தில் அதன் ஓட்டம் நிற்பதில்லை. இறுதியில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்துவந்து தாமே தீயில் இறங்குகின்றனர். கேட்போர் கதைமாந்தராகிவிடும் இத்தகைய முடிவு எந்தத் திரைக்கும் வாய்ப்பதன்று.

எனினும் இவ்வமைப்பில் ஓர் இடர் உண்டு. முடிவின் ஒளி மிகுதியால் முன்கதை மறைந்துபோகலாம். தீமிதி இரவை மட்டும் காண்பவன் அடியாரின் துணிவைக் காண்பான்; அரவானைக் காணான். வஞ்சினம் கேளாதவனுக்கு நெருப்பு வெறும் நெருப்பே. தீமிதியைக் காண விரும்புவோர் களப்பலி நாளன்றும் கோயிலுக்குச் செல்வது தக்கதாகும்.