பழைய படத்தில் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பழைய வரைபடம் கைக்கு வந்ததும் எல்லாரும் தம் வீட்டைத்தான் தேடுகிறார்கள். வீடு இருக்காது, இரண்டே நிமிடத்தில் சலித்துவிடும். முதலில் தண்ணீரைத் தேடுங்கள். ஏரி, வாய்க்கால், ஆறு பிடிபட்டால் ஊர் ஏன் அங்கே உட்கார்ந்தது என்பது பிடிபடும்.

மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். 1909-ல் வந்த இம்பீரியல் கெசட்டியர் அட்லஸிலும், பேடெக்கர் என்ற ஜெர்மானியப் பதிப்பகம் 1914-ல் போட்ட இந்தியக் கையேட்டிலும் சென்னைப் படம் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்நூலகத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். இன்று பனகல் பார்க்கும் பாண்டி பஜாரும் இருக்கும் பக்கத்தில் விரலை வையுங்கள். விரல் தண்ணீரில் நிற்கும். நுங்கம்பாக்கத்தில் தொடங்கித் தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடந்த அந்த ஏரியை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். தென்பகுதிக்கு மயிலாப்பூர் ஏரி என்ற பெயரும் உண்டு; கபாலீசுவரர் கோயில் குளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, கரை எந்தப் பக்கம் என்று பாருங்கள். நம் ஏரிகளுக்குச் சுற்றிலும் கரை கட்டுவதில்லை. நிலம் தாழும் பக்கத்தில்தான் மண்ணைக் குவிப்பார்கள். இங்கே சரிவு கடலை நோக்கி, ஆகவே கரை கிழக்கே, பாசன வயல் அதற்கும் கீழே. மேற்கே ரயில் பாதை, அதற்கு அப்பால் மாம்பலம் கிராமம். இவ்வளவு தெரிந்தபின் படத்தை மறுபடி பாருங்கள். கோடுகளுக்குள் மேடும் பள்ளமும் தெரியத் தொடங்கும். எனக்குப் பழைய படத்தில் இதைவிடப் பெரிய சுகம் இல்லை.

படத்தின் வயதையும் சோதிக்கலாம். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. மாம்பலம் ரயில் நிலையம் வந்தது 1911-ல். அதற்குப் பின் அச்சான படத்தில் நிலையம் இல்லையென்றால், பழைய அளவையே மறுபடி அச்சடித்திருக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

யாருக்காக வரைந்தது என்பதும் முக்கியம். பேடெக்கர் பயணிகளின் கையேடு. பயணிக்கு வேண்டியதுதான் அதில் துலக்கமாக இருக்கும். ஏரியில் மீன் பிடித்தவரையும் கரைக்குக் கீழே நாற்று நட்டவரையும் அதில் தேடிப் பயனில்லை. வெள்ளையாக விட்ட இடமெல்லாம் ஆளில்லாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள்.

1923-ல் ஏரியை வற்றவைக்கத் தொடங்கினார்கள். அங்கே எழுந்ததுதான் பிட்டி தியாகராயர் பெயரில் தியாகராய நகர். இப்போது கைபேசியில் இன்றைய படத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. பார்க்கத்தான் லேக் இல்லை. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடும் லேக் ஏரியாவும் இருக்கின்றன. 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். அந்தப் பக்கமிருந்து கிளம்பும் மாம்பலம் கால்வாய் நந்தனம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் தண்ணீர் நின்றபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். 1909 படத்தைப் பார்த்தவர் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

உங்கள் ஊருக்கு பேடெக்கர் படம் போட்டிருக்காது. ஆனால் புல எண்களோடு கூடிய கிராம வரைபடம் நில அளவைத் துறையிடம் இருக்கும். எந்த எண் ஏரி, எது வாய்க்கால் புறம்போக்கு என்பதை ‘அ’ பதிவேடு சொல்லும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். மனை வாங்கும் யோசனை இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உட்காருங்கள்.